வடசென்னை வீடுகளில் டிவி: யார் பார்க்கிறார்கள், எதற்குப் பார்க்கிறார்கள் என்று எப்படிக் கணக்கெடுப்பது?

#1 இதழியல்_மாணவி

எல்லோருக்கும் வணக்கம். முதுகலைத் திட்டப்பணிக்காக ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, கொடுங்கையூர் நான்கு இடங்களிலும் சேர்த்து 100 வீடுகளில் கணக்கெடுக்கப் போகிறோம். வீட்டுக்கு நாலு பேர் என்று 400 பேர் கிடைப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு. படிவம் ஒரே பக்கம். பிடித்த சேனல், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், "எதற்காகப் பார்க்கிறீர்கள்" (பொழுதுபோக்கு / செய்தி / அறிவு / மற்றவை) என்று டிக் போடும் கேள்விகள். கிடைக்கும் முடிவை டி.ஆர்.பி.யுடன் ஒப்பிட வேண்டும் என்று நினைக்கிறோம். கேள்விகள் மூன்று: டி.ஆர்.பி. உண்மையில் எதைக் கணக்கிடுகிறது? 100 வீடு போதுமா? "எதற்காக" என்பதை எப்படிக் கேட்பது?

#2 ஒளிபரப்புக்_கணக்கு

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

2015 ஏப்ரல் முதல் டி.ஆர்.பி. கணக்கைப் பார்க் இந்தியா (BARC) என்ற அமைப்பு எடுக்கிறது. அதற்கு முன்பு டாம் நிறுவனம் எடுத்தது. சேனல் தன் ஒளிபரப்பு ஒலிக்குள் காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டைச் சேர்த்து அனுப்பும். இதை ஆடியோ வாட்டர்மார்க் என்கிறார்கள். மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்த வீட்டின் டிவியோடு இணைத்த மீட்டர் அந்தக் குறியீட்டைப் படித்து, எந்தச் சேனல், எந்த நிமிடம் என்று பதிந்துகொள்ளும். டிவியில் ஓடியது என்ன என்பதற்கு இது போதும். முன்னால் உட்கார்ந்திருந்தது யார் என்பது மீட்டருக்குத் தானாகத் தெரியாது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனி பட்டன் உண்டு. வரும்போதும் எழும்போதும் அவரவர் அழுத்த வேண்டும். கணக்கு 2 வயது முதல் தொடங்குவதால் குழந்தைக்குப் பெரியவர்தான் அழுத்தியாக வேண்டும்.

பிசகு வருவது பெரும்பாலும் இந்தப் பட்டனில்தான். அடுப்படிக்குப் போன அம்மா பட்டனை அணைக்காமல் போனால் அவர் பார்த்துக்கொண்டிருப்பதாகவே பதிவாகும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால் விருந்தினர் பட்டனை யாராவது அழுத்தினால்தான் கணக்கில் வருவார்கள். வாட்டர்மார்க் இல்லாத சேனல் எவ்வளவு நேரம் ஓடினாலும் அந்தச் சேனலின் பெயர் பதிவாகாது.

அடுத்து எண்கள். பத்துப் பேர் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 நிமிட சீரியல். மூன்று பேர் முழுதாகப் பார்த்தார்கள், இரண்டு பேர் பத்துப் பத்து நிமிடம். மொத்தம் 110 நிமிடம். 30ஆல் வகுத்தால் 3.67. சராசரியாக எந்த ஒரு நிமிடத்திலும் 3.67 பேர் இருந்திருக்கிறார்கள். பத்தில் 36.7 சதவீதம், இதுதான் ரேட்டிங். எட்டிப் பார்த்தவர்கள் ஐந்து பேர், ஆக ரீச் 50 சதவீதம். பார்த்தவர் ஒருவருக்குச் சராசரி 22 நிமிடம். ஒரே ரேட்டிங், நிறையப் பேர் கொஞ்ச நேரம் பார்த்தாலும் வரும், கொஞ்சப் பேர் விடாமல் பார்த்தாலும் வரும். ரீச்சையும் நேரத்தையும் பிரித்துப் பார்க்காமல் "மக்களுக்குப் பிடித்திருக்கிறது" என்று எழுதிவிடாதீர்கள்.

உங்கள் படிவத்தில் உள்ள "பிடித்த சேனல்" இந்த மூன்றில் எதுவுமே இல்லை. டி.ஆர்.பி.யுடன் ஒப்பிடும் யோசனையை விட்டுவிடுங்கள்.

#3 இதழியல்_மாணவி

நன்றி சார். மீட்டர் வைத்த வீடு எங்கள் பகுதியில் இருந்தால் அவர்களிடமும் பேசலாமா?

#4 ஒளிபரப்புக்_கணக்கு

கூடாது. தேடவும் கூடாது. அந்த வீடுகளின் ரகசியத்தில்தான் முழு அமைப்பும் நிற்கிறது. மாதிரி வீடுகளுக்குப் பணம் கொடுத்துக் குறிப்பிட்ட சேனலை ஓட விடச் சொன்னதாக 2020 அக்டோபரில் மும்பை போலீஸ் வழக்குப் போட்டது. அதன் பிறகு செய்திச் சேனல்களின் தனித்தனி ரேட்டிங் நிறுத்தப்பட்டு, 2022 மார்ச்சில்தான் திரும்ப வந்தது, அதுவும் நான்கு வாரச் சராசரியாக. ஆண்டுக்கு 25 சதவீத வீடுகளை மாற்ற வேண்டும் என்று 2014 அரசு வழிகாட்டுதலில் விதி வைத்ததும் இதற்காகத்தான்.

தேடினாலும் கிடைக்காது. 2020 கணக்குப்படி நாட்டில் டிவி உள்ள வீடுகள் ஏறக்குறைய 21 கோடி. அப்போது மீட்டர் வைத்த வீடுகள் சுமார் 44,000. சராசரியாக 4,800 வீட்டுக்கு ஒன்று. இதை வைத்துத் தமிழ்நாட்டைப் பற்றிப் பேசலாம், சென்னையைப் பற்றியும் பேசலாம். வியாசர்பாடியைப் பற்றித் தனியாக எதுவும் சொல்ல முடியாது. உங்கள் கணக்கெடுப்புக்கு வேலை இருப்பது அந்த இடத்தில்தான்.

#5 களப்பணி

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 400 பேர் என்பது 400 அல்ல. ஒரே வீட்டில், ஒரே டிவி முன்னால் இருக்கும் நாலு பேரின் பதில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். சாதாரணக் கணக்குப்படி 400 பேரில் 5 சதவீதம் பேர் ஒரு நிகழ்ச்சியைப் பார்த்ததாக வந்தால், பிழை எல்லை 2.1 புள்ளி. அதாவது உண்மை 2.9க்கும் 7.1க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். வீடு வீடாகக் கொத்தாக எடுப்பதால் அது இன்னும் விரியும். ஆகவே எந்தத் தனி நிகழ்ச்சியைப் பற்றியும் சதவீதம் எழுதாதீர்கள். "மாலையில் டிவி ஓடும் வீடு பாதிக்கு மேல்" மாதிரியான பெரிய விஷயங்களை மட்டும் எழுதுங்கள்.

என் யோசனை: வீட்டுக்கு ஒருவரை மட்டும் எடுங்கள், ஆனால் வீட்டின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 100 பேர் என்றால் பிழை எல்லை ஏறக்குறைய 10 புள்ளி. 240 பேர் என்றால் 6.3. இடத்துக்கு 60 வீடு, பத்துத் தெரு, தெருவுக்கு 6 வீடு.

வீடு தேர்ந்தெடுக்கும்போது தெரு முனையிலிருந்து இத்தனையாவது வாசல் என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு போங்கள். தெரிந்தவர் வீட்டில் ஆரம்பித்தால் அவர் தனக்குத் தெரிந்தவர்களிடம்தான் அழைத்துப் போவார். ஹவுசிங் போர்டில் மாடி வாரியாகப் பிரியுங்கள். கீழ்த்தளத்தில் கதவு எப்போதும் திறந்திருக்கும், ஆட்கள் வாசலில்தான் இருப்பார்கள். மேல் மாடியில் அடைத்த கதவுக்குப் பின்னால் டிவி ஓடும் நேரம் வேறாக இருக்கும். ஏறச் சோம்பினால் கணக்கு கீழ்த்தளத்தோடு நின்றுபோகும்.

வீட்டுக்குள் யாரைக் கேட்பது? கதவைத் திறந்தவரைக் கேட்கக் கூடாது. "அடுத்த பிறந்தநாள் யாருக்கு" என்று கேட்டு எடுப்பது எளிய முறை. ஆனால் இங்கே பெரியவர்கள் பலருக்கு ஆதாரில் ஜனவரி 1 என்றே இருக்கும், அந்த முறை சாயும். புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் 1949இல் சொன்ன வழியே நல்லது: வீட்டில் இருப்பவர்களை வயது வரிசையில் எழுதுங்கள், படிவத்தில் ஏற்கனவே அச்சிட்டு வைத்த எண்ணுக்கு எவர் வருகிறாரோ அவர்தான். அவர் வேலைக்குப் போயிருந்தால் திரும்ப வாருங்கள், மூன்று முறை, மூன்று வேறு நேரங்களில். காலை 11 மணிக்கு மட்டும் போனால் வீட்டில் இருக்கும் பெண்களும் தாத்தா பாட்டிகளும்தான் உங்கள் "வடசென்னை" ஆகிவிடுவார்கள்.

ஒருவரை மட்டும் எடுக்கும்போது ஆறு பேர் வீட்டில் ஒருவர் ஆறு பேருக்காகப் பேசுகிறார், இரண்டு பேர் வீட்டில் இரண்டு பேருக்காக. கடைசியில் கணக்குப் போடும்போது அந்த எண்ணால் பெருக்க மறந்துவிடாதீர்கள். பெரிய குடும்பங்கள் நிறைந்த இடத்தில் இந்த ஒன்றை விட்டாலே முடிவு மாறும்.

டிவியே இல்லாத வீடு வந்தால் தாண்டிப் போகாதீர்கள். போனில் மட்டும் பார்க்கும் வீடு அது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

#6 தண்டையார்பேட்டை_கேபிள்

கேபிள் பக்கத்துல இருந்து கொஞ்சம் சொல்றேன் மா.

நிறைய பேரு ஆபரேட்டர்கிட்ட கேட்டா எந்த வீட்ல என்ன பாக்குறாங்கன்னு தெரியும்னு நினைக்கிறாங்க. தெரியாது. சாதா கேபிள் பாக்ஸுல சிக்னல் ஒரு வழிதான், அங்கிருந்து திரும்பி எதுவும் வராது. எந்த வீட்டுக்கு எந்த பேக் ஆக்டிவ்னு மட்டும்தான் சிஸ்டத்துல இருக்கும். அதனால படிவத்துல பேக் என்னன்னு கண்டிப்பா கேளுங்க. 2019 பிப்ரவரியில டிராய்ங்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தோட புது விலைமுறை வந்ததுல இருந்து கட்டண சேனல் எல்லாம் தனி விலை. கட்டுப்படியாகலன்னு சில சேனலை எடுத்துட்ட வீடு நிறைய. அந்த வீட்ல "இந்த சேனல் பாக்குறதில்ல"ன்னு சொன்னா அது பிடிக்காததால இல்ல, வராததால. ரெண்டையும் ஒரே கட்டத்துல போட்டீங்கன்னா தப்பாயிடும்.

சேனல் பேரை விட நம்பர் நல்லா ஞாபகம் இருக்கும் வயசானவங்களுக்கு. உங்க ஏரியா ஆபரேட்டரோட நம்பர் லிஸ்டை கையில வெச்சுக்கோங்க. ஆபரேட்டர் மாறினா நம்பரும் மாறும், காசிமேடு லிஸ்டை கொடுங்கையூருக்கு எடுத்துட்டுப் போகாதீங்க.

பாக்ஸை ஆன் பண்ணினதும் முதல்ல வந்து நிக்கிற சேனல் ஒண்ணு இருக்கும், லேண்டிங் பேஜ்னு சொல்லுவாங்க. மாத்துறதுக்குள்ள ஒரு நிமிஷம் ஓடிடும். "நேத்து பாத்தீங்களா"ன்னு கேட்டா ஆமான்னுதான் சொல்லுவாங்க. "தேடிப் போய் வெச்சீங்களா, தானா வந்துச்சா"ன்னு சேத்துக் கேளுங்க.

அப்புறம் லோக்கல் சேனல். கோயில் திருவிழா, சர்ச் திருவிழா, ஏரியா ஃபுட்பால் மேட்ச், ராத்திரி பழைய படம், கடை விளம்பரம். வாட்டர்மார்க் கிடையாது, அதனால டி.ஆர்.பி.ல பேரே வராது. ஆனா தெருவுல யாருக்குக் கல்யாணம், எந்தக் கடையில ஆடித் தள்ளுபடின்னு ஜனங்களுக்குச் சொல்றது அதுதான். உங்க லிஸ்டுல அதுக்கு ஒரு வரி வேணும்.

#7 கடலோரம்

காசிமேட்டுக்குத் தனி நேரக் கணக்கு வேண்டும். ஏலம் விடியும் முன்பே தொடங்கிவிடும். மீன் எடுக்கப் போகும் பெண்கள் இரவு சீக்கிரம் படுப்பார்கள், மதியம் கூடையை இறக்கி வைத்த பிறகுதான் டிவி முன்னால் உட்கார முடியும். அவர்களுக்கு இரவு 8 மணி சீரியல் என்பது மறுநாள் பகல் மறுஒளிபரப்பு, அல்லது போனில் வரும் துண்டு. "மாலை 7 முதல் 10 வரை என்ன பார்த்தீர்கள்" என்று மட்டும் கேட்டால் "எதுவும் இல்லை" என்ற பதில் வரும், நீங்களும் அவர்களை டிவி பார்க்காதவர்கள் என்று எழுதிவிடுவீர்கள்.

கணக்கெடுக்கும் மாதமும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆண்கள் எல்லாம் கரையில். அதே நேரம் ஐ.பி.எல். நடக்கும், பள்ளி விடுமுறையும் சேரும். ரிமோட் கை மாறும், வீட்டில் பார்க்கும் நேரமே தலைகீழாகும். மே மாதக் கணக்கை வைத்துக் "காசிமேட்டு ஆண்கள் தினமும் கிரிக்கெட் பார்க்கிறார்கள்" என்று எழுதினால் ஆகஸ்டில் அது பொய். ஃபைபர் படகுக்காரர்களுக்கு அந்தத் தடை கிடையாது என்பதால் அவர்களைத் தனியாகக் குறியுங்கள்.

மணலி, எண்ணூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் கொடுங்கையூரில் நிறைய. அங்கே முதல் கேள்வியே "இந்த வாரம் என்ன ஷிப்ட்" என்பதாக இருக்கட்டும்.

#8 வடசென்னைக்காரி

மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் தள்ளி வைக்கிறீர்கள். உங்கள் ஆய்வின் உயிரே அதுதான், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

"எதற்காகப் பார்க்கிறீர்கள்" என்று நேராகக் கேட்டால் "சும்மா பொழுதுபோக்குக்குத்தான்" என்று பெண்கள் சொல்வார்கள், "நியூஸ் பார்க்கத்தான்" என்று ஆண்கள் சொல்வார்கள். கிளிப்போர்டோடு வந்து நிற்கிற படித்த பிள்ளையிடம் எது மரியாதையான பதிலோ அது வரும். அதைச் சதவீதமாக மாற்றினால், வெளியாள் முன்னால் மக்கள் எப்படித் தெரிய விரும்புகிறார்கள் என்பதுதான் தெரியவரும்.

ஹெர்டா ஹெர்சாக் 1944இல் அமெரிக்காவில் பகல்நேர ரேடியோ தொடர் கேட்கும் பெண்களை ஆராய்ந்தார். அவருக்குக் கிடைத்தவை மூன்று: மனச் சுமையை இறக்கி வைப்பது, தனக்குக் கிடைக்காத வாழ்க்கையைக் கற்பனையில் வாழ்வது, குடும்பச் சிக்கலில் எப்படி நடந்துகொள்வது என்று கற்றுக்கொள்வது. மூன்றாவதை யாரும் எதிர்பார்க்கவில்லை. மாமியாரிடம் எப்படிப் பேசுவது, பிரிந்து வந்த பெண்ணை அக்கம்பக்கம் எப்படிப் பார்க்கும் என்பதற்குச் சீரியல் ஒரு ஒத்திகை. டிக் போடும் கட்டத்தில் "அறிவு" என்று ஒன்று வைத்தால் அந்தப் பெண்களில் ஒருவர்கூட அதைத் தொட மாட்டார். அறிவு என்றால் பாடப் புத்தகம் என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

1972இல் ஊடக ஆய்வாளர்கள் மெக்வெய்ல், ப்ளம்லர், பிரவுன் மூவரும் டிவி பார்க்கும் காரணங்களை நான்காகப் பிரித்தார்கள்: அன்றாடத்திலிருந்து விடுபடுதல், உறவும் துணையும், தன்னை அறிதல், சுற்றுப்புறத்தைக் கண்காணித்தல். இதை அப்படியே கட்டமாக்காமல் ஒவ்வொன்றுக்கும் நடந்த செயலைக் கேளுங்கள்:

"நேத்து பார்த்ததைப் பத்தி யார்கிட்டயாவது பேசுனீங்களா? யார்கிட்ட?"
"அந்த நேரத்துல கரண்டு போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"
"டிவி ஓடும்போது கையில என்ன வேலை?"
"யாரு வெச்சது? மாத்தச் சொல்லி யாராவது கேட்டாங்களா?"
"அதுல வர்ற யாரையாவது பாத்து, நம்ம வீட்லயும் இப்படித்தான்னு தோணுச்சா?"
"புயல் வருதுன்னா முதல்ல எதைப் பாப்பீங்க?"

கடைசிக் கேள்வி கடற்கரைத் தெருக்களில் நல்ல பதில் தரும். டிவியா, வாட்ஸ்அப்பா, துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டா, சங்கத்துக்காரர் சொன்ன வார்த்தையா என்று வரிசையாகச் சொல்வார்கள். எந்தத் தேவைக்கு எந்த ஊடகம் என்பது அந்த வரிசையில் தெரியும்.

இன்னொன்று, ஒற்றை அறை வீடு. அங்கே டிவி ஓடுகிறது என்றால் எல்லோரும் "பார்க்கிறார்கள்" என்று எழுத முடியாது. படிக்கும் பிள்ளை முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காமல் கணவனும் மனைவியும் பணப் பிரச்சினை பேச, சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். மாதிரி வீட்டில் மீட்டருக்கு அதுவும் ஒரு சீரியல் நேரம்தான். "சத்தத்துக்காக ஓட விட்டது" என்று ஒரு குறியீடு கட்டாயம் வையுங்கள்.

#9 களப்பணி

மேடம், ஒரு எதிர்வாதம். தேவை முதலில் இருக்கிறது, மக்கள் அதற்கேற்ற நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான் நீங்கள் சொன்ன ஆய்வுகளுக்குப் பின்னால் உள்ள கோட்பாட்டின் அடிப்படை. எட்டு மணிக்கு எந்தச் சேனலைத் திருப்பினாலும் குடும்ப சீரியல்தான் என்றால் தேர்வு எங்கே இருக்கிறது? இருப்பதைப் பார்த்துவிட்டுப் பிறகு காரணம் சொல்கிறார்கள்.

#10 வடசென்னைக்காரி

நியாயமான கேள்வி சார், 1970களிலேயே எழுந்த விமர்சனம்தான். அதற்கு ஆலன் ரூபின் 1984இல் செய்த பிரிவு உதவும். ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சிக்காகத் தேடிப் போய்ப் பார்ப்பது ஒரு வகை. நேரத்தைக் கழிக்க, பழக்கத்தில் டிவியைப் போட்டுவிட்டு வருவதைப் பார்ப்பது இன்னொரு வகை. முதல் வகையில் தேர்வு உண்டு. இரண்டாவதில் நீங்கள் சொல்வதுதான் சரி. ஒரே ஆள் மாலை இரண்டாவது வகையாகவும் ஞாயிறு மதியம் முதல் வகையாகவும் இருப்பார். அதனால் ஆளைப் பிரிக்காமல் பார்த்த ஒவ்வொரு தருணத்தையும் பிரியுங்கள்.

யாருக்குத் தேர்வு இருந்தது என்பதும் வீட்டுக்குள் சமமில்லை. டேவிட் மோர்லி தென் லண்டனில் 18 குடும்பங்களைப் பார்த்து 1986இல் எழுதியதில், ரிமோட் பெரும்பாலும் ஆண்கள் கையில்தான். இங்கே அது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பகலில், மாலையில், ஆண்கள் வேலைக்குப் போன பிறகு, தடைக்காலத்தில் என்று தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

#11 பெரம்பூர்_வாசகர்

மொழியை விட்டுவிட்டீர்கள். பெரம்பூர், ராயபுரம், தண்டையார்பேட்டையில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. தெலுங்குச் சேனல் பாட்டிக்கு, தமிழ்ச் சேனல் பேரப்பிள்ளைக்கு என்று ஒரே டிவியில் நேரம் பிரியும். "வீட்டுக்குள் பேசும் மொழி" என்று கேளுங்கள். "தாய்மொழி" என்று கேட்டால் சிலர் தயங்குவார்கள்.

#12 இதழியல்_மாணவி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. படிவத்தை மாற்றியிருக்கிறோம். "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்" என்பதை எடுத்துவிட்டு, நேற்றைய நாளை 24 மணி நேரமும் அரை மணி அரை மணியாகப் பிரித்த கட்டம் வைத்திருக்கிறோம். 240 வீடு. டிக் கேள்வி போய் மேடம் சொன்ன ஆறு கேள்விகள், பதிலை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுவோம். நேர ஞாபகம் சரியாக வருமா?

#13 களப்பணி

கடிகாரத்தைக் கேட்டால் வராது. வீட்டு வேலையைக் கேட்டால் வரும். "தண்ணி பிடிச்ச பிறகா, முன்னாடியா", "பிள்ளை ஸ்கூல்ல இருந்து வந்தப்போ என்ன ஓடிச்சு", "சோறு போட்டப்போ" என்று நாளை வரிசையாகக் கட்டிக்கொண்டு வாருங்கள், மணியைக் கடைசியில் நிரப்பலாம். நேற்றைக்கு முந்தின நாளைக் கேட்காதீர்கள், இரண்டு நாளும் கலந்துவிடும். திங்கள் முதல் ஞாயிறு வரை "நேற்று" சமமாக வரும்படி போகும் நாட்களைப் பிரியுங்கள். திங்கட்கிழமை போகவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமையே உங்கள் கணக்கில் இருக்காது. வீட்டில் கேட்கும் நேரம் 20 நிமிடத்தைத் தாண்டினால் கடைசிப் பதில்கள் எல்லாம் "ம்", "ஆமா" என்று வரும். முதலில் பத்து வீட்டில் ஓட்டிப் பார்த்து நேரம் குறியுங்கள்.

சொந்த வார்த்தையில் எழுதிய பதில்களைப் பிறகு வகைப்படுத்த வேண்டும். முதல் 30 படிவங்களை நீங்களும் இன்னொருவரும் ஒருவருக்கொருவர் காட்டாமல் தனித்தனியாகக் குறியீடு போட்டு, கோஹன் கப்பா (இருவர் போட்ட குறியீடும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு) கணக்கிடுங்கள். 0.7க்குக் கீழே வந்தால் தவறு ஆட்களிடம் இருக்காது, குறியீட்டு விளக்கத்தில்தான் இருக்கும். விளக்கத்தைத் திருத்தி, வேறு 30 படிவங்களில் திரும்பப் போடுங்கள்.

#14 வடசென்னைக்காரி

அப்படிக் குறிக்கும்போது "வீடு வெறிச்சுன்னு இருக்கக் கூடாதுன்னு போட்டு விடுவேன்" என்று தனியாக இருக்கும் பெரியவர்கள் சொல்வது வரும். அதைப் பொழுதுபோக்கில் தள்ளிவிடாதீர்கள், "துணை" என்பதில் போடுங்கள். "அந்தப் பொண்ணு நம்ம பொண்ணு மாதிரி" என்று சீரியல் பாத்திரத்தைச் சொல்வதும் அதே வகைதான் என்றாலும் தனிக் குறியீடு வேண்டும். திரையில் வருபவரோடு ஏற்படும் அந்த ஒருவழி உறவைப் பற்றி ஹார்டனும் வோலும் 1956இலேயே எழுதியிருக்கிறார்கள்.

18 வயதுக்குக் கீழே இருப்பவர் தேர்வானால் பெற்றோர் அனுமதி இல்லாமல் கேட்காதீர்கள். படிவத்தில் பெயர், கதவு எண் வேண்டாம். வரிசை எண் போதும், முகவரிப் பட்டியல் தனித் தாளில் உங்கள் பேராசிரியரிடம் இருக்கட்டும்.

#15 தண்டையார்பேட்டை_கேபிள்

கிளம்புற அன்னிக்கு அந்த ஏரியா ஆபரேட்டருக்கு ஒரு போன் போட்டு, முந்தின நாள் சிக்னல் கட் ஆச்சா, ஒயர் அறுந்துச்சான்னு கேட்டுக்கோங்க. கட்டான தெருவுல "நேத்து எதுவும் பாக்கல"ன்னு வந்த படிவத்தைத் தனியா எடுத்து வைங்க, ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பப் போங்க.